கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஆமென்

இது நடந்தது. காதில் விழுந்ததும் அல்ல, யாரோ ஒருவருடைய மாமனாருக்கு நடந்ததும் அல்ல. தேவேந்திரன் உபதேசியாருக்கு நடந்தது. அவர் இன்றைக்கும் செஞ்சியில்தான் இருக்கிறார். ஞாயிறு தோறும் காலை ஆறரைக்கு முதல் மணி அடிக்கிறார். அவர் பொய்யே சொல்லாத மனிதர் என்று நான் சாட்சி சொல்ல வரவில்லை. பொய் சொன்னால் அவர் காது சிவந்துவிடும், கண்டுபிடித்துவிடலாம். இதை என்னிடம் சொன்ன அன்று அவர் காது சிவக்கவே இல்லை.

செஞ்சியில் கிறிஸ்தவர்கள் இருப்பது கைப்பிடி அளவு. அந்தக் கைப்பிடியை மூன்று இடத்தில் பங்கு போட்டிருக்கிறார்கள். கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் ஓட்டுக் கட்டடம் பழைய கோயில். அங்கே ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆராதனை. தெரு தாண்டினால் பாஸ்டர் இனியனின் தகரக் கொட்டகை, அங்கே ஒன்பதரைக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாதா கோயில்; மாலை ஐந்தரைக்குப் பூசை. மூன்று இடத்திலும் ஒரே ஆண்டவர்தான். ஆனால் ஓர் இடத்து ஆள் இன்னோர் இடத்துப் படி ஏறினால் போதும், 'எங்க மந்தை ஆட்டைத் திருடிட்டான்' என்று பேச்சு கிளம்பிவிடும்.

பழைய கோயிலில் மணி அடித்து, வாரா வாரம் ஆராதனை நடத்தும் உபதேசியார் நம் தேவேந்திரன். வயது ஐம்பத்து நான்கு. நல்ல மனிதர், கோபம் மட்டும் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குக் காரணமும் இருந்தது. அவர் சின்ன வயதில் பெஞ்சு கொள்ளாமல் நின்ற கூட்டம், இப்போது விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில், சுற்றுவட்டச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான ஆயரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வாரா வாரம் பதினைந்து பேராவது வர வேண்டும். வராவிட்டால் டிசம்பர் முதல் வாராந்தர ஆராதனை நிறுத்தப்படும், மாதம் ஒருமுறைதான்.

தேவேந்திரனுடைய அப்பா மணி அடித்த கோயில் அது. ஒரு ஞாயிறு கூட அந்த மணி நின்றதில்லை. அன்று முதல் இரண்டாவது கீர்த்தனை பாடும்போது பீடத்தில் நின்றபடி தலைகளை எண்ணுவார். சரியாகப் பதினைந்து. ஒன்று கூடாது, ஒன்று குறையாது.

அந்தப் பதினைந்தில் ஒருத்தி மீனம்பாள். அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. சிங்கவரத்துக்குப் போகிற வழியில், வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை ஓரம் ஒற்றை வீடு. மகள் பெங்களூரில். மீனம்பாள் காலையில் பழைய கோயில், ஒன்பதரைக்குத் தகரக் கொட்டகை, சாயங்காலம் மாதா கோயில். மூன்று வண்டிக்கும் சீசன் டிக்கெட் எடுத்தவள் என்று ஊரில் கேலி செய்வார்கள். கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். இருமலுக்கு ஓமத்தை மென்றுகொண்டே இருப்பாள். அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எல்லாரும் 'ஆமென்' சொல்லி முடித்து, ஒரு மூச்சு கழித்துத்தான் அவள் சொல்வாள். தனியாக, இழுத்து, 'ஆ...மென்' என்று. தேவேந்திரனுக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அக்டோபர் 21, சனிக்கிழமை. பனமலை ஏரியில் இனியன் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான். மழையில், வெள்ளைப் புடவையோடு, மீனம்பாளும் இறங்கி முழுகினாள்.

மறுநாள் காலை அவள் இருமிக்கொண்டே பழைய கோயிலுக்கு வந்தாள். ஆராதனை முடிந்ததும் தேவேந்திரன் அவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இங்க குடுத்த ஞானஸ்நானம் இன்னா, செல்லாதா?"

"கூப்ட்டாங்க ஐயா, போனேன். எல்லாம் ஒரே சாமி வூடுதானே."

"அதெல்லாம் வேணாம். இங்கியா அங்கியான்னு ஒண்ணு சொல்லு."

அவள் இருமினாள். அவர் உள்ளே போய்ச் சபை ரிஜிஸ்டரை எடுத்து, சிவப்பு மைப் பேனாவால் அவள் பேரை அடித்தார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

கோபம் ஆறியபோதுதான் அவருக்கு உறைத்தது. பதினைந்தில் ஒன்று போனால் பதினான்கு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். ஆனால் போய்க் கூப்பிடவும் வீம்பு விடவில்லை.

அக்டோபர் 29. நல்ல மழை. ஏழு பன்னிரண்டுக்கு கரண்ட் போயிற்று. இரண்டாவது கீர்த்தனையின்போது அவர் பீடத்திலிருந்து எண்ணினார். பதினைந்து. இருட்டில் தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடியும் எண்ணினார். பதினைந்துதான். 'வந்துட்டா பாரு' என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நிம்மதியாகவும் இருந்தது.

கர்த்தருடைய ஜெபம் முடிந்தது. எல்லாரும் 'ஆமென்' சொன்னார்கள்.

ஒரு மூச்சு கழித்து, கடைசியிலிருந்து... 'ஆ...மென்'.

ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகூப்பினார். வெளியே வந்தது பதினான்கு பேர்.

அவர் பயப்படவில்லை. கோபப்பட்டார். ஆசீர்வாதத்துக்கு முன்பே பின் கதவு வழியாக நழுவித் தகரக் கொட்டகைக்கு ஓடுகிறாள் என்று நினைத்தார். இந்த ஊர்ச் சபைகளில் அது புதிதல்ல. ரிஜிஸ்டரில் பதினைந்து என்றே எழுதிவைத்தார்.

நவம்பர் 5. பீடத்திலிருந்து பதினைந்து. அன்று காணிக்கைத் தட்டு எடுத்தது கமலாம்பாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள், எதற்கும் அசையாதவள். அவளிடம் மெதுவாக, "எண்ணுக்கா" என்றார். அவள் பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு வந்தாள்.

"பதினாலு."

"சரியா எண்ணு."

"பதினாலுதான்யா. எனுக்கு எண்ணத் தெரியாதா?"

பிரசங்கத்துக்கு முந்திய பாட்டில் அவரே இறங்கிப் பின் சுவர் வரை போனார். அங்கிருந்து எண்ணினால் பதினான்கு. திரும்பிப் பீடத்தில் ஏறி நின்றார். பதினைந்து.

எட்டு பத்துக்கு எல்லாரும் போன பிறகு கடைசி பெஞ்சுக்குப் போனார். ஜன்னல் சாத்தியிருந்தது. ஓடு ஒழுகவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம் இருந்தது. குனிந்தார். ஓம வாசனை.

ஜன்னல் வழியே சாரல் அடித்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஜன்னல் சாத்தியிருந்ததை அவர் அப்போது யோசிக்கவில்லை.

நவம்பர் 12, தீபாவளி. விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் வெடிச் சத்தம். கையும் களவுமாகப் பிடிப்பது என்று தேவேந்திரன் முடிவு செய்திருந்தார். பின் கதவைத் தாழ் போட்டார். கமலாம்பாளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

எண்ணினார். பதினைந்து.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் பதினான்கு முகம். தலைகளை எண்ணினால்... பதினைந்து.

ஜெபம் முடிந்தது. 'ஆமென்.'

வெடிச் சத்தம் அந்த நொடியில் நின்றிருந்தது.

'ஆ...மென்.'

கமலாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். தன் இடது பக்கம் பார்த்தாள். பிறகு முன் பெஞ்சுக்கு நடந்து வந்து உட்கார்ந்தாள்.

ஆராதனை முடிந்ததும் அவரிடம் சொன்னாள்.

"பக்கத்துல மூச்சு வுட்ற சத்தம் கேட்டுது. சளி கட்டின மூச்சு. நான் நர்ஸு. எனுக்குத் தெரியும்."

தேவேந்திரனுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பத்து ஐம்பதுக்குத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்தார். இனியன் ஆராதனை முடித்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பாஸ்டர், மீனம்பாள் எங்க? வெளிய வரச் சொல்லு."

இனியன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாண்ணா சொல்றீங்க? அவங்க உங்க கிட்டியே திரும்பி வந்துட்டாங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருக்கேன்."

"இங்க வர்லியா?"

"ஞானஸ்நானம் குடுத்த மறுநாளே வர்ல. நீங்க தடுத்துட்டீங்கன்னு எனுக்கு உங்க மேல கோவம்."

இனியன் மாதா கோயிலுக்கு போன் போட்டான். அங்கே இருந்தவர், "அந்தம்மா முழுக்கு எடுத்துட்டு உங்க பக்கம் வந்துட்டாங்கன்னு சொன்னாங்களே" என்றார்.

மூன்று வாரம். ஒவ்வொரு சபையும் அவள் அடுத்த சபையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

இனியனின் வண்டியில் இரண்டு பேரும் சிங்கவரம் வழியாகப் போனார்கள். பதினொன்று நாற்பது. மல்லாட்டைக் கொல்லையில் முழங்கால் வரை சேறு. கொல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், "தீபாவளிக்கு மக வூட்டுக்குப் போயிருக்கும்" என்றார். மகளோ, அம்மா போனைச் சார்ஜ் போட மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பெங்களூரில் இருந்திருக்கிறாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

இனியன் தோளால் மோதினான். திறந்தது.

அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். கொடியில் அந்த வெள்ளைப் புடவை காய்ந்து விறைத்துக் கிடந்தது. தலைமாட்டில் பைபிள் பையும் ஓம டப்பாவும் இருந்தன. காய்ச்சலில் போயிருக்கிறாள், மூன்று வாரம் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கணக்குப் பார்த்தால் அக்டோபர் 22 ராத்திரி. தேவேந்திரன் அவள் பேரை அடித்த அதே நாள்.

அடக்கத்திலும் இழுபறி. தகரக் கொட்டகைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. மாதா கோயிலில் அவள் பேர் என்றைக்குமே இல்லை. பழைய கோயில் தோட்டத்தில் புதைக்க ரிஜிஸ்டரில் பேர் இருக்க வேண்டும். தேவேந்திரன், "எம் பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். 13ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு அடக்கம் நடந்தது. ரிஜிஸ்டரை அவர் தொடவில்லை. செத்தவளின் பேரை எப்படிச் சேர்ப்பது?

நவம்பர் 19 அன்று அவர் எண்ணவே இல்லை. தலையைக் குனிந்தபடியே நடத்தி முடித்துவிட்டுப் பதினான்கு என்று எழுதினார். கோயில் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

நவம்பர் 26. ஆயரே வந்தார். ஜூனில்தான் வேலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். செஞ்சி ஆட்களை அவருக்குத் தெரியாது. ஆராதனையை அவரே நடத்தினார். தேவேந்திரன் கீழே முதல் பெஞ்சில் இருந்தார். எட்டு இருபத்தைந்துக்குப் பக்கத்து அறையில் ரிஜிஸ்டரை நீட்டி, "பதினாலு பேர்தான் ஐயா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஆயர் பேனாவை எடுத்தார்.

"ஏன் கொறச்சு சொல்றீங்க? உங்கள சேக்காம நானே எண்ணினேன். பதினஞ்சு."

ஆயர் பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வாராந்தர ஆராதனை நடக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்த அம்மா பேர ஏன் அடிச்சீங்க?"

"எந்த... அம்மா?"

"கடைசி பெஞ்சு. ஆமென லேட்டா சொல்றவங்க. நீங்க மணி அடிக்கப் போனப்ப இந்த வாசல்ல வந்து நின்னாங்க. பாவம், புடவையெல்லாம் நனஞ்சிருந்துது. பேர மறுபடியும் எழுதணுமாம்."

அன்று மழை இல்லை.

ஆயர் போன பிறகு தேவேந்திரன் ரிஜிஸ்டரைத் திறந்தார். நீல மையில், கடைசி வரியில், மீனம்பாள் என்று எழுதினார். அழுதுகொண்டே எழுதினேன் என்றார். அதோடு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தார்.

2024 ஜனவரியில் பதினான்கு பேரில் ஒரு புருஷனும் பெண்சாதியும் சென்னைக்குக் குடிபோனார்கள். மிச்சம் பன்னிரண்டு. மீனம்பாளைச் சேர்த்தால் பதின்மூன்று.

அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று எண்ணினார்.

பதினைந்து.

'ஆமென்' முடிந்து, ஒரு மூச்சு கழித்து வந்தது ஒரே குரல் அல்ல, மூன்று.

வாராந்தர ஆராதனையை மாதம் ஒருமுறை ஆக்கிவிடும்படி இப்போது தேவேந்திரனே மூன்று கடிதம் எழுதிவிட்டார். ஆயர் ஒருமுறை வந்து, பீடத்தில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு இருக்கே, ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் தேவேந்திரன் பழைய ரிஜிஸ்டர்களை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வேறு சபைக்குப் போய்விட்டார்கள் என்று அவர் கையாலேயே சிவப்பு மையில் அடித்த பெயர்கள் மொத்தம் பதினொன்று. மீனம்பாள் அதில் ஒன்று.

மீதிப் பத்துப் பேர் எந்தச் சபையில் இருக்கிறார்கள் என்று அவர் இன்னும் யாரிடமும் விசாரிக்கவில்லை.