லேபிள் மெஷினுக்குக் கரண்ட் வராத காலை

இடுப்பு வலி வந்த பிறகு என்னை லோடிங்கிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி அது. ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் பாகத்தின் பெயரையும் நம்பரையும் அடித்து ஒட்ட வேண்டும். அதற்கு, கையில் அடங்கும் ஒரு சின்ன லேபிள் மெஷின். நான் ஐந்தாவது வரை படித்தவன். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்துவேன். மெதுவான வேலைதான். ஆனாலும் உட்கார்ந்து செய்யும் வேலை.

ஆயுத பூஜை லீவு முடிந்து வேலைக்குப் போன காலையில் மெஷின் உயிர் பெறவில்லை. அடாப்டர் ஒயரை லேசாக வளைத்துப் பிடித்தால் திரை மினுங்கிவிட்டு அணைந்தது. வேறு பிளக்கில் மாட்டினாலும் அப்படியே. பெட்டிகள் லேபிள் இல்லாமல் சுவரோரம் ஏறிக்கொண்டே போயின. மதியம் லாரி வரும்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர். பக்தி அதிகம், கோபம் அதைவிட அதிகம்.

"ஒயரப் புடிச்சு இழுத்திருப்ப. லாரி வர்றதுக்குள்ள சரியாவலன்னா நீ லோடிங்குக்கே போயிடு. இங்க வேற ஆளப் போட்டுக்கறேன்."

நான் இழுக்கவில்லை. குனிந்து பெட்டி தூக்கும் நினைப்பே இடுப்பில் வலித்தது.

எலெக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தேன். கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார், கூட்டாளிகளை மட்டும் கன்னட வழக்கப்படி 'குரு' என்று கூப்பிடுவார். மீட்டரை வைத்துப் பார்த்து, அடாப்டரில் கரண்ட் ஒழுங்காக வருகிறது என்றார். சூப்பர்வைசர் தன் மேஜையில் இருந்த ரேடியோவின் அடாப்டரைக் கழற்றி வந்து மாட்டப் போனார். எலெக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். ஒயர் முனையில் இருக்கும் பின் பொருந்தினால் போதாது, ப்ளஸ்ஸும் மைனஸும் மாறியிருந்தால் மெஷின் புகைந்துவிடும் என்றார். சூப்பர்வைசர் முகம் சுளித்துக்கொண்டு பெட்டிகளைப் பார்க்கப் போனார்.

அடுத்து எலெக்ட்ரீஷியன் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரி போட்டுப் பார்த்தார். திரை பளிச்சென்று வந்தது. பேட்டரி உள்ளே இருக்கும்போதே ஒயரைச் செருகினார், அணைந்தது. ஒயரின் பின் உள்ளே போனதும் மெஷின் பேட்டரியை விட்டுவிட்டு அடாப்டரை மட்டும்தான் நம்புமாம். அப்படியென்றால் கோளாறு பின் நுழையும் துளையில். டார்ச் அடித்தோம். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது.

பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. பூஜையன்று எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் சூப்பர்வைசர். பெரிய மெஷின்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இதில் முன்பக்கம் முழுக்க எழுத்துப் பட்டன்கள். அதை மறைக்கக் கூடாதென்று பக்கவாட்டில், தாராளமாக அப்பியிருக்கிறார். துளை இருக்கும் இடம் அதுதான்.

சொல்லாதே என்று எலெக்ட்ரீஷியனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் அடங்குகிற ஆளில்லை.

"யாரு குரு, மெஷினுக்கு மூக்குக்குள்ளயே பொட்டு வெச்சது?"

பேக்கிங் பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். கெட்ட பெயர் அவருக்கு, கோபம் என் மேல்தான் விழும் என்று நினைத்தேன்.

"சாமிக்கு வெச்சது. குத்தம் சொல்லாத" என்றார்.

"குத்தம் இல்ல சார். சாமிக்கு மூச்சு முட்டுது."

எலெக்ட்ரீஷியன் தீக்குச்சியில் துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். காயவிட்டு ஒயரைச் செருகியதும் திரை வந்தது, ஒயரை ஆட்டியும் அணையவில்லை. சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் பாகங்களின் பெயர் இருந்த தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இருக்கவா, லோடிங்குக்குப் போகவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. லேபிள் அடிக்க ஆரம்பித்தேன்.

லாரி வந்து நின்றது. அவர் வாசலில் நின்று லோடிங் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரையும் கூப்பிட்டு முடித்து லாரிப் பக்கம் போய்விட்டார். என் பெயர் வரவில்லை. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. நாற்காலியில் சாய்ந்து, அடுத்த லேபிளின் முதல் எழுத்தைத் தேடினேன்.