இடம் இருக்கா அக்கா

அலுவலகத்தில் அவளுக்கு 'இடம் இருக்கா அக்கா' என்று பெயர். யார் எந்த ஆப் எழுதிக்கொண்டு வந்தாலும், "அதெல்லாம் சரி, சேமிக்கறதுக்கு முன்னாடி ஃபோன்ல இடம் இருக்கான்னு பாத்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிறவள் மாதிரி கேட்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பட்டவளுக்குத்தானே தெரியும்!

ஆறு வருஷத்துக்கு முன்னால், வீடுவீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ்களுக்காக ஓர் ஆப் எழுதினாள். கட்டுப் போடுமுன் நர்ஸ் புண்ணைப் படமெடுப்பார். யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வேண்டும் என்று டாக்டர் மாலை நான்கு மணிக்குப் படங்களைப் பார்த்துச் சொல்வார். நெட் இல்லாத இடத்தில் படம் ஃபோனிலேயே காத்திருந்து, நெட் வந்ததும் போய்ச் சேரும்.

காத்திருக்கும் அந்தப் படங்களை அவள் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் மூலையில் போட்டுவைத்தாள். இடம் போதாமல் போனால் ஃபோன் முதலில் கைவைப்பது அந்த மூலையில்தான், அதுவும் யாரையும் கேட்காமல். இது அவளுக்குத் தெரியாததல்ல. அவள் சோதித்துப் பார்த்த ஃபோன்கள் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி காலியாக இருந்ததில் மறந்தே போய்விட்டாள்.

ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு, எந்த நர்ஸின் ஃபோனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காலையில் வந்த பட்டியலைச் சும்மா பார்த்தாள். ஒன்றில் வெறும் இருநூறு எம்பி. அந்த நர்ஸ் போயிருந்ததோ மலையடிவாரத்துக்கு. அங்கே பேசலாம், நெட் எடுக்காது. நெட் கிடைக்கும் சாலைக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். உடனே அவருக்கு ஃபோன் போட்டாள்.

"சிஸ்டர், எத்தனை படம் எடுத்தீங்க?"

"ஒன்பது மேடம். ஒருத்தருக்குக் கால்விரல் நிறமே சரியில்ல, டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். கட்டுப் போட்டாச்சு, இனி மூணு நாளைக்குப் பிரிக்க மாட்டோம். ஆமா, இந்த ஃபோன் இடமில்ல இடமில்லன்னு உயிரை வாங்குது. 'சுத்தம் செய்'னு ஒரு பட்டன் வருது, அமுக்கிடவா?"

"ஐயோ, கையை எடுங்க, படமெல்லாம் போயிடும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எடுத்துட்டேன் மேடம், கத்தாதீங்க."

"இப்ப மிச்சம் எவ்வளவு காட்டுது?"

"அறுபது. இல்ல இல்ல, நாப்பத்தொண்ணு."

பேசிக்கொண்டிருக்கும்போதே குறைகிறது! "பெரிய வீடியோ ஏதாவது இருக்கா சிஸ்டர்? சீக்கிரம்!"

"மத்ததெல்லாம் ஏற்கெனவே அழிச்சாச்சு. என் பொண்ணு முதல்முதலா நடந்தது ஒண்ணுதான் இருக்கு." நர்ஸ் கொஞ்சம் தயங்கினார். "வேற எங்கயும் எடுத்து வைக்கல மேடம்."

அழியுங்கள் என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை?

"அழிச்சிட்டேன்" என்றார் நர்ஸ். "ஆனா அதே நாப்பத்தொண்ணுதான் காட்டுது."

"அது குப்பைத்தொட்டிக்குள்ள கிடக்கும் சிஸ்டர். அதையும் காலி பண்ணணும்."

"பண்ணா திரும்ப வராதா?"

"வராது."

மறுமுனையில் எங்கேயோ நாய் குரைத்தது. பிறகு நர்ஸ், "எண்ணூத்தி இருபது" என்றார்.

மூன்றே காலுக்கு ஒன்பது படங்களும் வந்து சேர்ந்தன. கால்விரல்காரரை அன்றைக்கே அழைத்துவரச் சொன்னார் டாக்டர். இரண்டு நாள் போயிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்குமாம்.

மறுநாள் காலை நர்ஸே கூப்பிட்டார். "தெய்வம் மாதிரி வந்தீங்க மேடம். இந்தப் பாழாப்போன ஃபோனால அந்த மனுஷன் கால் போயிருக்கும்."

ஆமாம் போட்டுவிட்டு ஃபோனை வைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவளால் முடியவில்லை. "ஃபோன் மேல தப்பில்ல சிஸ்டர். படத்தை நான் வைக்கக் கூடாத இடத்துல வச்சிருந்தேன். நேத்து ராத்திரிதான் மாத்தினேன்."

"அப்ப நீங்க மொதல்லயே ஒழுங்கா வச்சிருந்தா, என் பொண்ணு வீடியோ போயிருக்காதா?"

"போயிருக்காது சிஸ்டர்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி மேடம், அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு" என்று சொல்லி நர்ஸ் ஃபோனை வைத்துவிட்டார்.