வயிற்று வலி என்று சொன்னேன்

விவேக் நகரில் ஒரு மாடி வீட்டுக்குத் தனியாகக் குடிவந்த பிறகுதான் நாய் வளர்க்க எனக்குத் துணிச்சல் வந்தது. ஒரு குட்டியையும் அதற்கென்று ஒரு கம்பிக் கூண்டையும் ஒரே நாளில் வாங்கி வந்தேன். கூண்டுக்குப் பழக்குவது எப்படி என்று வீடியோக்கள் பார்த்திருந்தேன். முதலில் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், உள்ளே சாப்பாடு வைக்க வேண்டும், குட்டி தானாகப் போய்ப் படுக்கும்வரை பொறுக்க வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் மறுநாளே ஆபீஸ் நண்பர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். குட்டியை உள்ளே தள்ளிக் கொக்கியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது கீழ்வீட்டு ஆன்ட்டி என் வாசலில் நின்றிருந்தார்.

"நீ போனதுலருந்து அழுதுக்கினே இருக்குது பா. இன்னா ஆச்சு அதுக்கு?"

"வயித்து வலி ஆன்ட்டி. மருந்து குடுத்திருக்கேன்" என்றேன். யோசிக்காமலே வந்த பொய்.

உள்ளே போய்ப் பார்த்தேன். கம்பியில் முட்டி முட்டிக் குட்டிக்கு மூக்கு நுனி தோலுரிந்திருந்தது. தன் மூத்திரத்திலேயே நின்றிருந்தது. கதவைத் திறந்ததும் ஓடிவந்து என் கையை நக்கியது. அதைத் தூக்கிக்கொள்ளவே எனக்குக் கூசியது.

அன்று சாயந்திரம் ஆன்ட்டி குட்டிக்கென்று உப்புப் போடாத கஞ்சி கொண்டுவந்தார். மறுநாளும் கொண்டுவந்தார். நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை கோயிலிலிருந்து நேராக மாடிக்கு வந்தார்.

"குழந்தை ஏசுகிட்ட இதுக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வரேன் பா. சரியாயிடும்."

குட்டியின் நெற்றியில் சிலுவை போட்டவர், மூக்கைப் பார்த்துவிட்டு, "இது இன்னா காயம்?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வயித்து வலியெல்லாம் இல்ல ஆன்ட்டி. கூண்டுல அடைச்சிட்டு ஓட்டலுக்குப் போயிட்டேன். அதான் அழுதுது."

அவர் குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கலாமே பா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் கழுவாமல் போட்டிருந்த கஞ்சிப் பாத்திரத்தை அவரே எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதன்பிறகு கூண்டின் கதவைத் திறந்து வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். குட்டி அதன் பக்கம் வரவே பயந்தது. இப்போது மதியமானால் அதுவாகவே உள்ளே போய்ச் சுருண்டு தூங்குகிறது. படியில் பார்க்கும்போதெல்லாம் ஆன்ட்டி சிரித்தபடி குட்டியை விசாரிக்கிறார். "நல்லாருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, செருப்பு மாட்டுகிற சாக்கில் நான் குனிந்துகொள்கிறேன்.