கருப்பசாமிக்கான ஜெபம்

பெரிய டீச்சர் ஜெபிக்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்வார். மூக்கு சுருங்கி, கண்ணாடி மேலேறி, புருவத்தில் போய் நிற்கும். ஆமென் சொன்னதும்தான் அது இறங்கும். முன்வரிசையில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் பார்ப்பேன். எனக்கு ஜெபம் வராது. கண்ணாடி பார்க்க வரும். ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்து வீட்டிலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறி வந்து வேலை பார்ப்பவள் நான். வேலை கிடைத்த அன்று என் மாமியார், "வேதக்காரங்க பள்ளிக்கொடமா? சம்பளத்த வாங்கிக்க கண்ணு, வேற எதையும் வாங்கிக்காதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னபடியேதான் நடந்துகொண்டேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பெரிய டீச்சர் எங்கள் தலைமையாசிரியை. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஐந்து வகுப்புப் பள்ளிக்கூடம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி நெய்யும் கம்பெனி. மெஷின் இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பிப் பாடிப் பாடி எங்கள் பிள்ளைகளின் தொண்டை கோயில் திருவிழா மைக் போல ஆகியிருந்தது. காலையில் பாட்டு, ஒரு கதை, அதன் பிறகு பெரிய டீச்சர் கேட்பார்: "இன்னைக்கு யாருக்காக ஜெபிக்கணும்?" கைகள் உயரும். "அம்மாவுக்கு நைட் ஷிப்ட்டுங்க டீச்சர், தூக்கம் வரக்கூடாதுங்க." "எங்கப்பா கம்பெனில ஆர்டரே இல்லீங்க." "எங்கூட்டு எருமை நல்லபடியா கன்னு போடோணுங்க." எருமை உட்பட ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கள் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள். அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் சாட்சி சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்த பிள்ளை படியில் ஏறி நின்று எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்லும். கைதட்டுவோம். பெரிய டீச்சர் தலையில் கை வைப்பார். அதோடு முடியாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய் நன்றி சொல்லி ஜெபித்துவிட்டு வருவார். எருமை கன்று போட்ட வீட்டுக்கும் போய்ச் சீம்பால் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

மாரீஸ்வரி நாலாம் வகுப்பு. என் வகுப்புப் பிள்ளை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். அப்பா கருப்பசாமி எப்போதாவது வேலைக்குப் போவார், எப்போதும் குடிப்பார். அந்த வருடம் முழுக்க அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கப்பா குடிக்கக் கூடாது டீச்சர்." மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படியேறி இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் தினமும் கை தூக்கிக்கொண்டிருந்தாள். "இன்னுமா உங்கப்பா விடல?" என்று பக்கத்துப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். கேலியில்லை, உண்மையான சந்தேகம். எருமைக்குக் கிடைத்தது இவளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

ஒரு வெள்ளிக்கிழமை அவள் படியேறினாள். "எங்கப்பா குடிய விட்டுட்டாரு டீச்சர்" என்றாள். அந்தக் கைதட்டலில் மெஷின் இரைச்சல் கேட்கவில்லை. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் இன்னும் பலமாகக் கைதட்டினேன். பிள்ளையின் முகத்தை நாங்கள் யாருமே சரியாகப் பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் பெரிய டீச்சர், நான், அதே வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர், ஒரு பிஸ்கட் பாக்கெட் எனக் கிளம்பிப் போனோம். வரிசையாகப் பத்துக் கதவுகள் உள்ள லைன் வீடு. வாசற்படியில் உட்கார்ந்து மாரீஸ்வரி பனியன்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றுகொண்டாள். "அப்பா ஊருக்குப் போயிட்டாரு டீச்சர்" என்றாள். உள்ளே யாரோ எதையோ உருட்டிவிட்டுத் திட்டுகிற சத்தம் கேட்டது. கதவு உள்பக்கமாகத் திறந்தது, பிள்ளை தடுமாறினாள். கருப்பசாமி நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றார். அந்த நிலையிலும் இரண்டு கையையும் கூப்பி, "வாங்க டீச்சர், வாங்க" என்றார்.

உடன் வந்த பிள்ளைகளில் ஒன்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டது: "நீங்க குடிய விட்டுட்டீங்கன்னு மாரீஸ்வரி சாட்சி சொன்னா. அதுக்குத்தானுங்க வந்திருக்கறோம்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மெல்லப் படியில் உட்கார்ந்தார். "நான் விட்டுட்டேன்னா தாயி சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

பெரிய டீச்சர் அவளைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. கருப்பசாமியின் தலையில் கை வைத்து, கண்களை இறுக மூடி, அவரைக் குடியிலிருந்து மீட்கும்படி அந்த வாசலிலேயே மன்றாடினார். மெஷின் இரைச்சலுக்குப் பழகிய குரல் அல்லவா. பத்து வீட்டுக் கதவும் திறந்துகொண்டது. எவ்வளவு பெரிய மனது என்று எனக்கு மெய்சிலிர்த்தது. மாரீஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள்.

அதன்பின் பெரிய டீச்சர் சாட்சி நேரத்தை நிறுத்திவிட்டார். காரணம் சொல்லவில்லை. ஆனால் காலை ஜெபத்தில் கருப்பசாமியை ஒருநாளும் விடவில்லை. மாரீஸ்வரியோடு படித்த பிள்ளைகள் போய், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போய், யாரென்றே தெரியாத பிள்ளைகள் அவருக்காக ஆமென் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் தகப்பனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், நம்ம கருப்பசாமி குடிக்கறத நிறுத்தோணும்னு இங்க வேண்டறாங்களாமா?" என்று கலவரத்தோடு கேட்டார். சாமி இல்லீங்க, இது ஆள் என்று விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கே இருந்தாலும் ஆண்டவருக்குத் தெரியும்மா" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு வேதக்கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். நான் பள்ளிக்குப் போகும் வழியில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன். தவறாமல் கேட்பார்: "கருப்பசாமி சங்கதி ஏதும் தெரிஞ்சுதாம்மா?" தெரியலீங்க என்று சொல்வது எனக்கும் பழகிப்போயிருந்தது.

இந்த ஜூன் மாதம் ஒரு பெண் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள். கம்பெனியில் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். எல்லாம் பேசி முடித்துக் கிளம்பியவள் நின்றாள். "ஒரே ஒரு விசயங்க டீச்சர். காலைல ஜெபத்துல எங்க ஊட்டு சமாச்சாரம் எதையும் எம்பொண்ணுகிட்டக் கேக்காதீங்க." நான் நிமிர்ந்து பார்த்தேன். "நாந்தாங்க டீச்சர், மாரீஸ்வரி" என்றாள்.

உட்காரவைத்துக் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு லைன் வீட்டில் எல்லோரும் கருப்பசாமியைப் பார்த்து, "என்ன, விட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். தலைகாட்ட முடியாமல் குடும்பத்தோடு வெள்ளகோவிலுக்குத் தறி ஓட்டப் போய்விட்டார். அடுத்த ஆடி வருவதற்குள் மஞ்சள்காமாலையில் செத்தும் போனார். "அதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த பேசலீங்க டீச்சர். அடிக்கவுமில்ல. அடிச்சிருந்தாக்கூடத் தேவலீங்க" என்றாள். அழவில்லை. மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

இதைப் பெரிய டீச்சரிடம் சொல்வதா என்று இரண்டு மூன்று நாள் தவித்தேன். செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது. இத்தனை வருடமும் செத்துப்போன ஒருவர் குடியை விட வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்று படுக்கையில் கிடப்பவரிடம் போய் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் நாளைக்கும் கேட்பாரே. அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காபியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாரீஸ்வரி கேட்டுக்கொண்டதையும், அப்பா அவளோடு பேசாமலே போனதையும்.

பெரிய டீச்சர் காபியைத் தள்ளி வைத்தார். கருப்பசாமியைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "அந்தப் பிள்ளைக்காக நான் ஒருநாளாவது ஜெபிச்சேனாம்மா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை காலைகளிலும் கருப்பசாமிதான். பிள்ளையின் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதாக நினைவில்லை. "இல்லீங்க டீச்சர்" என்றேன்.

அவர் கண்களை மூடினார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. மெஷின் இரைச்சலை அடக்கிய குரல் அது. மறுபடி முயன்றார். பிறகு என் கையைப் பிடித்து, "எனக்கு முடியலைம்மா. நீ ஜெபி" என்றார்.

"எனக்கு ஜெபிக்கத் தெரியாதுங்க டீச்சர்."

"பேரை மட்டும் சொல்லு. போதும்."

"மாரீஸ்வரி" என்றேன்.

"ஆமென்" என்றார் பெரிய டீச்சர்.