சாக்குப் போட்ட பலகை

ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் பழைய அனுபவம் கேட்கிறார்கள். எனக்குக் கதை சொல்ல வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். விரும்பினால் படியுங்கள்.

1. எஞ்சினியர் பார்க்காத பலகை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம் ரோட்டு வேலைக்குக் நாட்கூலிக்குக் கெஷுவல் லேபராகச் சேர்ந்தேன். முதல் நாள் எங்களை மேய்க்கிற ஓவசியர் என் கையில் ஓர் அலவாங்கை, கடப்பாரையைத் தந்தார். இரண்டரை அடிக் குழி தோண்டச் சொன்னார். மணல் நிலம். தோண்டத் தோண்டச் சரிந்தது. பகல் சாப்பாட்டுக்கு முந்தி ஒரு குழிதான் முடிந்தது.

அதிலிருந்து எனக்கு ரோட்டுக் கரையில் அடையாளப் பலகை நடுகிற வேலை. குழி தோண்டுவது, ஜீஐ பைப்பை நிறுத்துவது, கொங்கிறீட் போடுவது, பலகையைக் கிளாம்ப் வைத்து இறுக்குவது. கொஞ்சக் காலத்தில் எனமல் பூசவும் படித்துக்கொண்டேன். என்னோடு பாண்டிருப்புத் தங்கராசா. அவனும் கெஷுவல்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மண்வெட்டி.

சேர்ந்து சில மாதத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பலகை நட்டோம். அடுத்த கிழமை எஞ்சினியர் வந்து டேப் பிடித்துப் பார்த்தார்.

"இதை நட்டது யார்?"

"நான்தான் சேர்."

"நாலு அடி தள்ளி நிற்குது. உடைச்சு எடு."

கொங்கிறீட்டை உடைத்து பைப்பை எடுத்து மறுபடி நட்டோம். அரை நாள் வேலை. எஞ்சினியர் போன பிறகு ஓவசியர் என்னைக் கூப்பிட்டார். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். நல்ல மனிசன். பயந்த மனிசன்.

"நூர்தீன், இனி எந்தப் பலகை நட்டாலும் சாக்கால மூடிக் கட்டு. அவரு வந்து பாத்து சரியென்டு எழுதினாப் பொறகு அவிழ். அவரு பாக்காத பலகை பலகையில்ல. விளங்கிச்சா?"

"ஓம் சேர்."

அதன் பிறகு அப்படியே செய்தோம். நெல்லுச் சாக்குக்கு இங்கே பஞ்சமில்லை. பலகையின் தலையில் கவிழ்த்து, தும்புக் கயிற்றால் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவேன். எல்லாப் பலகையும் ஒரு நாள், இரண்டு நாள் சாக்கோடு நிற்கும். எஞ்சினியர் வருவார், பார்ப்பார், எழுதுவார். நான் அவிழ்ப்பேன்.

2. சந்தி மாறியது

சவளக்கடைப் பக்கமிருந்து வருகிற ரோட்டு, ஆற்றுப் பாலம் தாண்டியதும் நேரே கிழக்கே வந்து பெரிய ரோட்டில் ஏறும். அந்த ஏறுகிற இடத்தில் ஓர் ஆமி முகாம் இருந்தது. ஒரு வருடம் முகாமைப் பெருப்பித்தார்கள். சந்தி முகாமுக்குள் போய்விட்டது. ரோட்டின் வாயை மூடி மண் அணை போட்டார்கள். முன்னால் தார்ப் பீப்பாக்களில் மண் நிரப்பி வைத்தார்கள். ரோட்டை அதற்கு முன்பே வலப்பக்கம் வளைத்து, முந்நூறு அடி தெற்கே புதிதாக ஒரு சந்தி வெட்டினோம். அணைக்கு இடப்பக்கம் வாய்க்கால்.

வளைவு மோசமான வளைவு. பாலத்திலிருந்து இறங்கி வருகிறவனுக்கு ரோட்டு நேரே போகிற மாதிரித்தான் தெரியும். அங்கே நிற்கவேண்டியது ஒரு மஞ்சள் பலகை. வலப்பக்கம் மடிந்த கறுப்பு அம்பு.

ஸ்டோரில் பைப் இல்லை. பழைய சந்திக்கு முன்னால் நின்ற பலகையைப் பிடுங்கி, அதே பைப்பில் புதுப் பலகையை மாட்டச் சொன்னார் ஓவசியர். பிடுங்கினோம். மாட்டினோம். வளைவுக்கு முன்னால் நட்டோம். எனமல் முழுதாகக் காயவில்லை. முகாம்காரர் அன்றைக்கே ரோட்டைத் திறக்கச் சொன்னதால் அவசரம். நான் சாக்கைப் போட்டு, காற்றுக்குக் கழராமல் கழுத்திலும் பலகையின் நடுவிலும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

எஞ்சினியர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். வரவில்லை. அவர் அம்பாறையிலிருந்து வரவேண்டும். இடையில் ஒரு நாள் ரோட்டு மூடல், ஒரு நாள் வாகனம் இல்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை.

அந்த வழியால் சைக்கிளில் போகும்போது தங்கராசா பலகையைப் பார்த்துச் சிரித்தான். என்னைக் காக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, உங்கட கலியாணப் பொம்புள மாதிரி முகத்தை மூடிக்கொண்டு நிக்குது. மாப்பிளை எப்ப வாறாராம்?"

"செவ்வாய்."

"எந்தச் செவ்வாய்?"

கொஞ்ச தூரம் போய் அவன் சைக்கிளை நிறுத்தினான்.

"காக்கா, கோவிக்காதீங்க. அவிழ்த்து விடுவமா? தெரியாதவன் வந்தா நேர போய் அடிப்பான்."

"ஒனக்கென்ன விசரா? நிரந்தர வேலைக்கு லிஸ்ட் போயிரிக்கி. நம்மட ரெண்டு பேர்ர பேரும் அதில இரிக்கி. இப்ப போய் அவர்ர சொல்லை மீறவா?"

"நான் சும்மா சொன்னன்."

"சும்மாவும் சொல்லாத."

அவன் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. கத்தி என் மடியில்தான் இருந்தது. ஒரு வெட்டு வெட்டியிருந்தால் போதும்.

3. காலை

மாசி மாதம். பெரும்போக நெல்லு வெட்டுக் காலம். காலையில் வயலெல்லாம் பனி மூடிக் கிடக்கும். பாலத்தடியில் ஆமி போட்ட தடையை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். திறந்ததும் எல்லாரும் அவசரமாக ஓட்டுவார்கள்.

சுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஓவசியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹெல்மட் இல்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"ஏறு."

"எங்க சேர்?"

"வளைவில ஒரு மெசின் போயிட்டு. கத்தி இரிக்கா?"

எங்கள் பக்கம் டிரக்டரை மெசின் என்போம்.

போனோம். மெசின் பீப்பாவை இடித்துத் தள்ளி அணையில் ஏறிச் சரிந்து கிடந்தது. பின்னால் இழுத்து வந்த பெட்டி கவிழ்ந்து வாய்க்காலுக்குள். நெல் மூடைகள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. பத்துப் பதினைந்து பேர் வாய்க்காலுக்குள் நின்று மூடைகளைத் தூக்கினார்கள். நாங்கள் போகும்போது அடியிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

ஓட்டி வந்தவன் சவளக்கடை யோகராசா. இறந்தது அவன் தம்பி ரவி. யோகராசா ஒரு மாதமாக வெட்டுக்கு மெசினோடு பொலன்னறுவைப் பக்கம் போயிருந்தான். முதல் நாள்தான் அம்பாறை வழியால் ஊருக்கு வந்திருக்கிறான். காலையில் நெல்லை ஆலைக்குக் கொண்டுபோக வந்தவன். சந்தி மாறியது அவனுக்குத் தெரியாது. பத்து வருடமாக நேரே ஓட்டின ரோட்டு.

அவன் அணையில் இருந்தான். தம்பியின் தலை அவன் மடியில். தம்பியின் முகத்தில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.

ஓவசியர் என் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனார். நூறு அடி தள்ளிப் பலகை நின்றது.

"பொலிசு வரப் போகுது. அதைக் கழட்டு."

"சேர்..."

"கழட்டு நூர்தீன். எனக்கும் புள்ள குட்டி இரிக்கி. ஒனக்கும் இரிக்கி."

பனியில் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழவில்லை. வெட்டினேன். சாக்கை இழுத்தபோது அதில் ஒட்டிப்போன எனமலும் கொஞ்சம் உரிந்து வந்தது. அம்புக்குக் குறுக்கே கயிறு பதிந்த இரண்டு கோடு. ஓவசியர் அதைப் பார்த்தார். சாக்கைச் சுருட்டி மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைத்தார்.

திரும்பிப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கராசா சைக்கிளோடு நின்றான். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். சைக்கிளைக் கிறுக்கித் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பொலிசார் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். பலகை இருக்கிற தூரத்தையும் எழுதினார்கள்.

4. வழக்கு

கவனமில்லாமல் ஓட்டி ஆளைக் கொன்றதென்று யோகராசா மேல் வழக்கு. கோட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்திக்கொண்டு போனேன்.

"அந்த வளைவில் பலகை நட்டது நீரா?"

"ஓம்."

"எத்தனை நாளுக்கு முன்?"

"ரெண்டு கிழமைக்குக் கிட்ட."

"சம்பவம் நடந்த நேரம் பலகை அந்த இடத்தில் இருந்ததா?"

"இருந்தது."

அவ்வளவுதான் கேட்டார்கள். இறங்கிவிட்டேன். நான் சொன்ன மூன்று சொல்லும் உண்மை. சாக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு யோகராசாவைக் கேட்டார்கள். பலகையைப் பார்த்தாயா என்று.

"பலகை ஒண்டும் நிக்கல்ல ஐயா. சாக்குப் போட்ட ஒண்டு நிண்டது. குருவி விரட்ட வயலுக்கு நட்ட வெருளி எண்டு நினைச்சன்."

கோட்டில் சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒருவர், "வெருளி ரோட்டுக் கரையில நிண்டு மெசினையா விரட்டுது?" என்றார். இன்னும் சிரித்தார்கள்.

யோகராசா சுற்றிப் பார்த்தான். பிறகு அவனே குழம்பிப் போனான். "பனி ஐயா," என்றான். "எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது."

வயல்காரனுக்கு அந்த நேரம் வேறென்ன தெரியும்? மாசி மாதம், வயல் ஓரம், பைப்பில் மாட்டின நெல்லுச் சாக்கு, கழுத்தில் கயிறு. எங்கள் பக்கம் யார் பார்த்தாலும் வெருளி என்றுதான் சொல்வான். கோட்டில் அதை விளங்கக்கூடிய ஆள் நான் ஒருவன். தங்கராசா வரவில்லை. அவனை யாரும் கூப்பிடவில்லை.

பலகையைப் போய்ப் பார்த்திருந்தால் கயிற்றுக் கோடு இருந்திருக்கும். யாரும் போகவில்லை.

யோகராசாவுக்கு ஒரு வருட மறியல், சிறை. லைசனும் போனது.

எனக்கும் தங்கராசாவுக்கும் நிரந்தரக் கடிதம் அதே மாதம் வந்தது. நான் கையெழுத்து வைத்தேன். தங்கராசா வைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டான். கடலுக்குப் போகத் தொடங்கினான். சந்தையில் கண்டால் "காக்கா" என்பான். வேறு கதை இல்லை.

எஞ்சினியர் வழக்கு முடிந்த பிறகு வளைவுக்கு வந்தார். பார்த்தார். இடம் சரி என்று எழுதினார்.

5. சவளக்கடை

நான்கு வருடம் போனது. அந்த வளைவால் போகும்போதெல்லாம் பலகையைப் பார்ப்பேன். ஒருமுறை அதற்கு எனமல் பூச அனுப்பினார்கள். ஓரத்தைப் பூசினேன். கயிற்றுக் கோட்டின் மேல் பூசவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு சவளக்கடைக்குப் போனேன். வீட்டைக் கேட்டுப் பிடித்தேன்.

யோகராசா முற்றத்தில் களைக் கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். மெசின் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான்.

"வாங்க காக்கா. கோட்டுக்கு வந்த காக்காதானே?"

"ஓம்."

"இருங்க."

இருந்தேன். தண்ணீர் தந்தான். என்ன கதைப்பதென்று தெரியாமல், மெசின் ஓடுவதில்லையா என்று கேட்டேன்.

"இல்லை காக்கா. மறியலால வந்து லைசன் திருப்பி எடுக்கலாம் எண்டாங்க. நான் எடுக்கல்ல. எனக்குக் கண் பிழை. பலகையை வெருளி எண்டு பாத்த கண்ணால எப்படி ஓட்டுறது? ஆஸ்பத்திரியில கண்ணுக்கு ஒண்டுமில்லை எண்டாங்க. நான்தான் கேட்டுக் கண்ணாடி வாங்கினன்."

நான் சொன்னேன்.

"தம்பி, அதில சாக்கு கிடந்தது. நான் கட்டின சாக்கு. பொலிசு வாறத்துக்கு முந்தி நான்தான் வெட்டி எடுத்தன். நீ பாத்தது சரி."

அவன் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தான். கோழி ஒன்று வந்து அவன் காலடியில் கிளறியது. அதை விரட்டவில்லை.

"அப்ப எனக்குக் கண் சரி," என்றான்.

"சரி. பலகையில கயிறு பட்ட அடையாளம் இன்னும் இரிக்கி. போய்ப் பாக்கலாம்."

கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அம்மாட்டச் சொல்லி இருக்கலாம் காக்கா."

"எங்க அவ? நான் சொல்றன்."

"போன மாரியோட போயிட்டா. கடைசி வரைக்கும் தம்பியை நான்தான் கண் தெரியாமக் கொன்னுபோட்டன் எண்டுதான் சொன்னவ. நானும் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன்."

மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கத்தான் போனேன். அவன் எழும்பி என் சைக்கிளைப் பிடித்து ரோட்டுப் பக்கம் கிறுக்கி நிறுத்தினான்.

"பொழுதுபடுறத்துக்கு முதல் பாலத்தைத் தாண்டிருங்க. தடை போட்டிருவாங்க."

போனேன். அதன்பிறகு அங்கே போகவில்லை.

பலகை வேலைக்கு வந்த பிள்ளைகள் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். பலகை நட்டால் அன்றைக்கே முகத்தைத் திறந்து விடுங்கள். யார் மூடச் சொன்னாலும் மூடாதீர்கள். இடம் பிழையென்றால் பிறகு உடைத்து எடுக்கலாம். கொங்கிறீட்டை உடைக்க அரை நாள்தான்.