காபித்தூள் வைத்த விரல்

சீழைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். எழுதும்போதே குமட்டுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரும்புலியூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில், தகடு வெட்டும் மெஷினில் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்த மாதத்தில்தான் தகடு அவருடைய ஆள்காட்டி விரலைக் கிழித்தது. அடிபட்டதைத் தற்காலிக ஆட்கள் யாரும் அங்கே வெளியே சொல்ல மாட்டார்கள். இவரும் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காயத்துக்குள் காபித்தூளைத் திணித்தார்.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"இன்னாத்துக்கு? கம்பெனிக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவானுங்க. தூள் வெச்சா ரத்தம் நின்னுடும்."

ரத்தம் நின்றது, விரல் வீங்கியது. தினமும் சாயங்காலம் கட்டைப் பிரிப்பது என் தலையெழுத்து. துணியோடு தூளும் மஞ்சள் சீழும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும். காபி வாசனையும் அழுகல் நாற்றமும் சேர்ந்து அடிக்கும். கெட்ட ரத்தம் வெளியே போகிறதாம், அவர் திருப்தியாகப் பிதுக்குவார், மேலே புதுத் தூள் வைப்பார். அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே அருவருப்பாக இருந்தது.

காய்ச்சல் வந்த பிறகு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கழுவக் கழுவத் தூள் வந்துகொண்டே இருந்தது.

"சீழ் கெட்ட ரத்தம் இல்லம்மா. அடிபட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் ஓடி வந்து, கிருமியைத் தின்னுட்டு அங்கேயே செத்துக் கிடக்குது. நீங்க குப்பையைப் போட்டுக்கிட்டே இருந்தா அதுங்க எவ்வளவுதான் சாகும்?"

கட்டைப் பிரித்து அழுக்குப் பட்டால் விரல் தங்காது என்றும் சொன்னார்.

அடுத்த வாரம், யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யப் பெரிய அதிகாரி ஆட்களைப் பார்க்க வந்தார். இவர் கம்பெனி கேட்டுக்கு வெளியிலேயே கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, வெறும் விரலோடு மெஷினில் நின்றிருக்கிறார். "பெர்மனன்ட் ஆயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். கிரீஸ் கறுப்புக்குள்ளிருந்து சீழ் மணிக்கட்டு வரை வடிந்திருந்தது. நான் கொல்லைக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் ஆப்பிளோடு பார்க்க வந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"வூட்ல அருவாமனைல கிழிச்சுக்கினேன் சார்" என்றார் இவர்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம் சார்," என்றேன். "என்னோட அருவாமனைதான்."