வயலினுக்குள் நிற்கும் உயிர்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் உறங்கி ஓராண்டு நிறைவுறுகின்றது. இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கு அவருடைய தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவன் நான். பிறர் எழுதியதைக் கோத்துக் கோத்தே தமிழ் கற்றேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அண்ணன் சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர். கட்டுமரத்தில் சென்ற எங்கள் தந்தையார் திரும்பாமற்போன ஆண்டிலேயே தச்சுப் பட்டறையில் சேர்ந்தார். கடலுக்குப் பயந்துதான் உளியைப் பிடித்ததாகப் பிற்காலத்தில் கூறுவார். மாதா கோயிலில் இருந்த இத்தாலிய நாட்டுச் சுவாமியார் ஒருவர், உடைந்த வயலின் ஒன்றை ஒட்டித் தருமாறு அவரிடம் கொடுத்தார். அதன் உள்ளே பார்த்தபின் அண்ணனுக்குக் கதவும் சன்னலும் செய்ய மனம் வரவில்லை. பழைய இத்தாலியர் செய்த முறையிலேயே, மர அச்சை நடுவில் வைத்து, விலாப் பலகைகளைச் சூட்டில் வளைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, மந்தைவெளிச் சந்து ஒன்றில் தம் ஆயுள் முழுதும் வயலின் செய்தார். மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டு விட்டுவிடுமோ என்று அஞ்சித் தம் போர்வையை அவற்றுக்குப் போர்த்திவிடுவார்.

வயலினின் வயிற்றுக்குள், மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையில் ஒரு சிறு குச்சி நிற்கும். அதற்குப் பசை கிடையாது. தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைக்கின்றது. இத்தாலியர் அதனை 'உயிர்' என்பர் எனச் சுவாமியார் சொல்லியிருந்தார். அண்ணனும் அவ்வாறே அழைத்தார். நான்கு தந்திகளையும் ஒருசேரக் கழற்றினால் உயிர் விழுந்துவிடும். மேற்பலகைத் துளை வழியே வளைந்த கம்பியை விட்டு அதை நிறுத்த வேண்டும். அப்போது டார்ச் பிடிப்பவன் நான்.

மயிலாப்பூரில் வயலின் கற்பிக்கும் மாமி ஒருவர் அடிக்கடி வருவார்.

"ஆத்துல தந்தி மாத்திண்டிருந்தேன், உள்ள என்னமோ உருள்றது!"

"நாலையும் ஒண்ணா கழட்டினா உயிரு நிக்குமா மாமி? ஒண்ணொண்ணா மாத்துங்கன்னு எத்தினி தபா சொல்றது!"

இரண்டு ஆண்டுகளுக்குமுன் அண்ணனுக்கு நெஞ்சுவலி கண்டது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் தொலைபேசி ஒலித்தாலே சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பேன்.

ஒருநாள் முற்பகல் தியாகராய நகரில், பேத்திக்குச் சீருடை எடுத்துக்கொண்டிருந்தேன். எப்போதும் அண்ணனே அழைப்பார். அன்று அண்ணியார் அழைத்தார்.

"தம்பி, உயிரு பூட்ச்சு. சீக்கிரம் வாங்க."

ஆட்டோவில் ஏறியது நினைவிருக்கின்றது. "அழுவாத பெர்சு, கம்பிய கெட்டியா புட்ச்சுக்கோ" என்று ஓட்டுநர் சொன்னதும் நினைவிருக்கின்றது. வாசலில் கூட்டம் இல்லாதது, முதலில் வந்தவன் நானே என்ற பீதியைத் தந்தது. உள்ளே ஓடினேன். அண்ணன் மாமியின் வயலினை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்.

"இன்னாடா, டார்ச்ச எட்த்துக்கினு வரச் சொன்னா அழுதுக்கினு வர்ற?"

அண்ணியார் திகைத்தார். "உயிரு வுழுந்துட்ச்சுன்னாரு. அத்தத்தானே சொன்னேன்?"

"இனிமே அந்த வார்த்தையே வேணாம் அண்ணி. கட்டைன்னு சொல்லுங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமா, கட்ட சாஞ்சிட்ச்சுன்னு போன் வந்தா நீ கடையிலயே சாஞ்சிடுவ!"

கடைசியில் 'குச்சி' என்று முடிவாயிற்று. சிரித்த அண்ணனின் வலக்கை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அதன்பின் ஒவ்வோர் அழைப்பிலும் 'குச்சி' என்ற சொல் காதில் விழும்வரை எனக்கு மூச்சு வராது.

தாம் செய்த கடைசி வயலினுக்கு அண்ணன் உயிர் நிறுத்திய மாலையில் நான்தான் டார்ச் பிடித்தேன். குச்சி விழுந்துகொண்டே இருந்தது. "பயமா கீதுடா" என்றார். நான் டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தேன். ஒருவாறாகக் குச்சி நின்றது. தந்திகளை முறுக்கிவிட்டு, என் தோளைத் தட்டி வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை அண்ணியார் அழைத்தார்.

"குச்சியா அண்ணி?"

"இல்ல தம்பி. குச்சி நிக்கிது."

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய சந்துவாசிகளுக்கும், இறுதிவரை போராடிய மருத்துவர்களுக்கும், அண்ணியாரைத் தனியே விடாத பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடன்பட்டது. நினைவுத் திருப்பலியில் அண்ணனின் கடைசி வயலினை வாசிக்க மாமி அன்புடன் இசைந்துள்ளார். அதற்குப் புதுத் தந்தி கட்ட வேண்டும் என்கிறார். ஒவ்வொன்றாக மாற்றும்படி கைகூப்பிக் கேட்டிருக்கின்றேன். ஆயினும் முதல் வரிசையில், சட்டைப்பையில் டார்ச்சுடன் அமர்ந்திருப்பேன். அனைவரும் வருக.